ஓங்கும் சுத்தியல், உரலுக்குள் கை... ஜப்பான் மலைக்கிராமத்து `மோச்சி' ரகசியம்!

ரீல்ஸ்ல அந்த வீடியோ உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். ஒருத்தர் மரச்சுத்தியலைத் தூக்கி ஓங்கி அடிக்கிறார். அடுத்த அடி விழறதுக்குள்ள இன்னொருத்தர் உரலுக்குள்ள கையை விட்டு, பச்சை நிற மாவைப் புரட்டிப் போடுறார். `ஐயோ, கை போச்சு!'னு நாம பதறும்போது நாலு அடி முடிஞ்சிருக்கும்.

ஜப்பானின் நாரா நகரத்தில் இருக்கும் `நகாதானிதோ' கடை அது. அடிபடுவது மோச்சி என்ற அரிசிப் பலகாரம். பச்சை நிறம், `யோமோகி' என்ற மூலிகை தருவது. ஆனா, இந்தக் கலை நகரத்துல பிறந்தது இல்லை. கடைக்காரர் மிட்சுவோ நகாதானி, அதே நாராவின் தெற்கே காமிகிதயாமா என்ற மலைக்கிராமத்துக்காரர். இன்று அங்கே வசிப்பது சில நூறு பேர்தான்.

சரி, ஏன் இவ்வளவு அவசரம்?

மோச்சிக்கான அரிசி தனி ரகம். சாதாரண அரிசியில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரண்டு வகை மாவுச்சத்து உண்டு. இந்த ஒட்டரிசியில் கிட்டத்தட்ட முழுக்கவே அமைலோபெக்டின்தான். ராத்திரி முழுக்க ஊறவெச்சு, ஆவியில் வேகவெச்சு, சூடு பறக்க உரலில் கொட்டுவார்கள். உடனே அடிச்சா சோறு தெறிச்சுடும். அதனால உடம்பு எடையை எல்லாம் சுத்தியல் மேல போட்டு, உரலைச் சுத்தி வந்தபடி முதல்ல நசுக்குவாங்க. பார்க்க சுவாரஸ்யமே இல்லாத இந்த வேலைதான் உண்மையில் இடுப்பை ஒடிக்கும். அப்புறம்தான் அடி. ஆறினால் மாவு இறுகிவிடும். பருக்கை பருக்கையாக நிற்கும்.

`உரலுக்குள்ள தலையை விட்டுட்டு உலக்கைக்குப் பயப்படலாமா'னு நம்மூர்ல சொல்வாங்களே, அதை நிஜமாவே செய்யறவர் புரட்டுபவர். கையை நனைத்து, மாவை மடித்து நடுவில் தள்ளுவார். இருவருக்கும் வழிகாட்டி, மாறி மாறிக் கொடுக்கும் குரல்தான். தாளம் தப்பினால் விரல் போகும்.

ஊர்ப்புறங்களில் மோச்சி இடிப்பது டிசம்பர் கடைசியில், புத்தாண்டுக்காக. 29-ம் தேதியைப் பலரும் தவிர்ப்பார்கள். ஒன்பதுக்கும் துன்பத்துக்கும் ஜப்பானிய மொழியில் ஒரே உச்சரிப்பு, `கு'. இரண்டடுக்கு மோச்சியை தெய்வத்துக்குப் படைத்து, பல ஊர்களில் ஜனவரி 11 அன்று உடைத்துச் சாப்பிடுவார்கள். கத்தி படக் கூடாது!

இத்தனைக்கும் ஆள் வேணுமே? அடுப்புக்கு ஒருத்தர், மாறி மாறி அடிக்க ரெண்டு மூணு பேர், புரட்ட ஒருத்தர், சூடு தாங்கி உருட்ட நாலு பேர். மலைக்கிராமங்களில் இளைஞர்கள் நகரத்துக்குப் போயாச்சு. பாதிப்பேருக்கு மேல் 65 வயதைத் தாண்டிய ஊர்களுக்கு `கென்காய் ஷூராகு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இதுக்கு மேல தாங்காதுங்கிற விளிம்புல நிக்கிற ஊர்னு அர்த்தம். வீட்டிலேயே மோச்சி அடிக்கும் மெஷின் 1970-களிலேயே பரவிவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டாகவும் கிடைக்கிறது.

இன்னொரு சோகமும் உண்டு. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் மோச்சி தொண்டையில் சிக்கி இறப்பவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். `சின்னச் சின்னதா நறுக்கி, நல்லா மென்னு சாப்பிடுங்க'னு தீயணைப்புத் துறை வருஷா வருஷம் எச்சரிக்குது. ஆனாலும் மோச்சி இல்லாத புத்தாண்டை தாத்தா பாட்டிகள் ஒப்புக்கொள்வதில்லை.

புரட்டத் தெரிஞ்ச கைகள் ஊர்ல இன்னும் இருக்கு. சுத்தியலைத் தூக்கத்தான் ஆள் இல்லை. லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கும் அந்த ரெண்டு மூணு நாளுக்காக, கவிழ்த்து வெச்ச உரலைக் கழுவித் தண்ணி ஊத்தி ஊறவெச்சுட்டுக் காத்திருக்காங்க.