மூலதனம் எந்தக் கரையில் இறங்குகிறது?

பன்னாட்டு நிறுவனம் என்றவுடன் நமக்கு வெள்ளைக்காரக் கம்பெனிதான் ஞாபகத்துக்கு வருகிறது. கோட்பாடுகளும் அந்த அனுபவத்திலிருந்து பிறந்தவையே. கையில் சரக்கு - தொழில்நுட்பம், வணிகப்பெயர், நிர்வாகத் திறன் - உள்ள நிறுவனமே அந்நிய மண்ணில் காலூன்ற முடியும் என்பது ஜான் டன்னிங் வாதத்தின் அடிப்படை. பழகிய பக்கத்து நாட்டில் தொடங்கிப் படிப்படியாகத்தான் தூரம் போகும் என்றார்கள் சுவீடனின் யோஹான்சனும் வால்னேயும் (1977). இந்திய, சீன நிறுவனங்களை இந்தச் சட்டகத்துக்குள் அடைக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

முதலாவதாக, உள்ளே கை கட்டப்பட்டதாலும் வெளியே போகிறார்கள். ஆதித்ய பிர்லா தாய்லாந்தில் செயற்கை நூல் ஆலை தொடங்கியது 1969இல். பெருங்குழுமங்களின் விரிவாக்கத்துக்குக் கடிவாளம் போட்ட ஏகபோகத் தடைச் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

இரண்டாவதாக, தன்னிடம் இல்லாததை வாங்கப் போகிறார்கள். சீனாவின் லெனோவோ 2005இல் ஐபிஎம்மின் தனிக்கணினிப் பிரிவை வாங்கியது. டாடா மோட்டார்ஸ் 2008இல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டையும் வாங்கியது. இங்கே டன்னிங் தலைகீழாகிறார்: சரக்கு இருப்பதால் போகவில்லை, சரக்கு தேடிப் போகிறார்கள். அதனால் பக்கத்து நாடு, தூரத்து நாடு என்ற வரிசையும் குலைகிறது.

மூன்றாவதாக, மற்றவன் விட்டுப்போன இடம். போர் நடந்துகொண்டிருந்த சூடானிலிருந்து, மனித உரிமை அமைப்புகளின் நெருக்கடியால் கனடாவின் டாலிஸ்மன் வெளியேறியது. அதனிடமிருந்த 25 சதவீத எண்ணெய்ப் பங்கை 2003இல் ஓஎன்ஜிசி விதேஷ் வாங்கிக்கொண்டது. சீன முதலீடு அரசியல் அபாயம் மிகுந்த நாடுகளை நோக்கிப் போனதைப் பீட்டர் பக்லியும் சகாக்களும் 2007இல் எழுதினார்கள். அரசு உடைமையும் மலிவான கடனும் இருந்தால் அபாயத்தின் விலை நிறுவனத்துக்கு உறைப்பதில்லை.

ஆக, இடத்தேர்வு என்பது வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு சுதந்திரமாகச் செய்கிற காரியமல்ல. சொந்த அரசு எதைத் தடுக்கிறது, எதற்குக் கடன் தருகிறது, மேற்கு எதை விற்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதெல்லாம் முன்கூட்டியே பாதையைக் குறுக்கிவிடுகின்றன.

இதைத் தெற்கின் எழுச்சி என்று கொண்டாடலாமா? 2007இல் டாடா ஸ்டீல் சுமார் 1,200 கோடி டாலருக்குக் கோரஸை வாங்கியபோது, பழைய எஜமானனையே வாங்கிவிட்டோம் என்று இங்கே பலர் புளகாங்கிதம் அடைந்தார்கள். கோரஸோடு வந்த வேல்ஸின் போர்ட் டால்பட் ஆலை நஷ்டத்தில் தள்ளாடியது. அதன் கடைசி ஊதுலை 2024 செப்டம்பரில் அணைந்தது. பிரிட்டனில் 2,800 பேர் வரை வேலையிழப்பார்கள் என்று நிர்வாகமே அறிவித்திருந்தது. முதலாளி எந்த நாட்டுக்காரர் என்பது அந்தத் தொழிலாளிக்கு எதையும் மாற்றிவிடவில்லை. நிறுவனம் எங்கே போகிறது என்று ஆராய்கிறவர்கள், போன இடத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.