நீளக்கால் சிலந்தி: அடிப்பதா, விடுவதா?



லயத்துக் காம்பராவின் மூலையிலும், அடுப்படிப் பலகைக்குப் பின்னாலும், இஸ்தோப்புக் கூரையிலும் நூல் போன்ற காலோடு தொங்குகிற சிலந்தியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "எட்டுக்கால் பூச்சி, கடிச்சா விஷம்!" என்று பிள்ளைகளை விரட்டிவிட்டு, விளக்குமாற்றால் ஒரே அடி அடிப்போம்.

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களால் மலையகத்தை விட்டுப் போன நம் உறவுகள் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறினார்கள். யாழ்ப்பாணத்துக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிற பிள்ளைகளும் உண்டு. அங்கே போய் வருகிறவர்கள் கையகலச் சிலந்தியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். அதில் எது மெய், எது வெறும் பயம் என்று இந்த இதழில் பார்ப்போம்.

நிலவறை இல்லாத ஊர்

ஐரோப்பாவிலே வீட்டுக்கு அடியில் நிலவறை கட்டுவார்கள். இருட்டும் ஈரமும் உள்ள அந்த அறையில் அதிகம் இருப்பதால், நீளக்கால் சிலந்திக்கு ஆங்கிலத்தில் 'நிலவறைச் சிலந்தி' என்றே பெயர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். வீட்டுக்குக் கீழே அறை கட்டுகிற வழக்கம் அங்கே இல்லை. போர்க்காலத்தில் பனங்குற்றியும் மண்மூட்டையும் வைத்து அமைத்த பதுங்குகுழிதான் அந்த மக்கள் அறிந்த நிலவறை. 2009இல் போர் முடிந்த பிறகு அவை தேவையற்றுப் போயின. இன்று இந்தச் சிலந்திகள் வெங்காயம் கட்டித் தொங்கவிடும் அறை, விறகுக் கொட்டில், குளியலறை, கட்டிலின் அடி ஆகிய இடங்களில் இருக்கின்றன. நமது லயங்களிலும் இதே மாதிரி இடங்கள்தான்.

மூன்றைப் பிரித்து அறிவோம்

முதலில் ஒரு விஷயம். பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. ஆகவே, 'எட்டுக்கால் பூச்சி' என்று நாம் சொன்னாலும் சிலந்தி பூச்சி இனம் அல்ல.

ஒன்று, நூல்கால் சிலந்தி. உடம்பு ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. கால்களோ மயிர்போல் மெலிந்து, உடம்பைவிடப் பல மடங்கு நீளம். ஒழுங்கில்லாத வலை கட்டி அதிலே தலைகீழாகத் தொங்கும். தொட்டால் உடம்பை வேகமாக ஆட்டும். அந்த ஆட்டத்தில் அதன் உருவமே கண்ணுக்கு மங்கிப்போகும். அது கோபம் அல்ல, எதிரியை ஏமாற்றும் தந்திரம். பெண் சிலந்தி முட்டைகளை உருண்டையாக்கி வாயிலே கவ்விக்கொண்டு திரியும். வெப்பநாடுகளின் வீடுகளில் பரவலான ஒரு வகைக்கு வயிற்றின் பின்பக்கம் கூம்பி மூலையாக இருக்கும். உலகிலேயே கொடிய விஷம் இதற்குத்தான் என்று ஒரு கதை உண்டு. அது பொய். இது கடித்து மனிதருக்குப் பெருங்கேடு வந்ததாகச் சான்று இல்லை.

இரண்டு, ஓட்டச் சிலந்தி. தட்டையான மண்ணிற உடம்பு. காலை விரித்தால் உள்ளங்கை அளவு வரும். வலை கட்டாது. சுவரிலே நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடும். வெள்ளைத் தட்டு மாதிரியான முட்டைப் பையை வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டு போகும் பெண் சிலந்தியை நீங்களும் பார்த்திருக்கலாம். கரப்பான் இதற்கு விருப்பமான இரை. பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும், ஆபத்து இல்லை.

மூன்று, புலிச்சிலந்தி. உடம்பெல்லாம் மயிர், காலிலே கோலம் போட்டது போன்ற பட்டை. மரப்பொந்துதான் இதன் வீடு. முல்லைத்தீவு மாவட்டத்து மாங்குளத்தில் 2009இல் ஊர்மக்கள் கண்ட ஒரு வகை, புதிய இனம் என்று 2012இல் அறிவிக்கப்பட்டது. காலை விரித்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். தேடலில் துணைநின்ற பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரால் அதற்கு 'பொயிசிலோதீரியா ராஜேயி' என்று பெயரிட்டார்கள். முதுமரங்கள் அழிந்தால் இது பழைய கட்டடங்களுக்குள் வந்துவிடும். நமது மலைநாட்டிலும் இதன் உறவினம் ஒன்று உண்டு. இதை மட்டும் கையால் தொடவே கூடாது. கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிலந்தி மேல் போடும் வீண்பழி

தோலிலே கொப்புளம் வந்தால் "சிலந்தி மூத்திரம் பட்டிருச்சு" என்று சொல்லிப் பச்சிலை அரைத்துப் பூசுகிறோம். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக, எரிச்சலோடு கொப்புளம் வந்தால் அது பெரும்பாலும் அக்கி. மூன்று நாளுக்குள் வைத்தியரிடம் போனால் மருந்து நன்றாக வேலை செய்யும். விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற, செம்மஞ்சளும் கறுப்புமான ஒரு சின்ன வண்டைத் தோலில் வைத்து நசுக்கினாலும் இப்படிப் புண்ணாகும். அதை ஊதித் தள்ளிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வடக்கிலே தரையில் படுத்துத் தூங்குகிறவர்களை இரவில் கட்டுவிரியன் தீண்டுவது உண்டு. எட்டடி விரியன் என்றும் அதைச் சொல்வார்கள். பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது. "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு" என்று திரும்பிப் படுத்தால் உயிருக்கே மோசம். இரவில் ஏதோ கடித்த பின் வயிற்றுவலி வந்தாலோ, கண் இமை தொங்கினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அப்போதே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். வடக்கே உள்ள உறவுகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். தரையில் படுப்பவர்கள் நுளம்பு வலையைப் பாய்க்கடியில் செருகிப் படுப்பது நல்ல காவல்.

நுளம்புக்கு எதிரி, நமக்குத் தோழன்

2017இல் நம் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் அது மீண்டும் கடுமையாகப் பரவியது. டெங்கு நுளம்பு வீட்டுக்குள்ளே இருண்ட மூலையில்தான் ஓய்வெடுக்கும். நூல்கால் சிலந்தி வலை கட்டுவதும் அதே மூலையில்தான். தாய்லாந்து வீடுகளில் இந்தச் சிலந்தி டெங்கு நுளம்பைப் பிடித்துத் தின்பதை 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு விவரித்தது. அதற்காகச் சிலந்தி இருந்தால் டெங்கு வராது என்று நினைத்துவிடக் கூடாது. வாளி, சிரட்டை, பழைய டயர் இவற்றில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதே முதல் வேலை. சிலந்தி செய்வது சின்ன உதவி. அதையும் ஏன் கெடுக்க வேண்டும்?

நாம் செய்ய வேண்டியது

* சிலந்திக்காக வீட்டுக்குள்ளே மருந்து அடிக்க வேண்டாம். தேயிலைக்கு அடிக்கிற மருந்தை எக்காரணத்துக்கும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். சின்னக் காம்பராவில் அது முதலில் தாக்குவது கைக்குழந்தையை.
* ஒட்டடை அசிங்கமாக இருந்தால் அடியுங்கள். சிலந்தியை ஒரு கோப்பையால் மூடி, அடியில் கடதாசி செருகி வெளியே விடுங்கள்.
* சப்பாத்து, கொழுந்துக் கூடை, தலைத்துண்டு ஆகியவற்றை உதறிவிட்டுப் போடுங்கள். விறகை வெறுங்கையால் அள்ளாதீர்கள்.
* சிலந்தி கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். கீறவோ சுண்ணாம்பு தடவவோ வேண்டாம். வலி கூடினாலும் காய்ச்சல் வந்தாலும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

பிள்ளைகளுக்கு இந்த மூன்று சிலந்தியையும் அடையாளம் சொல்லிக் கொடுப்போம். எதைத் தொடக்கூடாது, எதை விட்டுவிடலாம் என்று தெரிந்த பிள்ளை வீணாகப் பயப்படாது, வீணாக எதையும் கொல்லவும் மாட்டாது.