மின்சாரமும் நீரும் சிக்கனமாகும் வீட்டுத் திருத்த வேலைகள்: ஒப்பந்தக்காரரை அமர்த்தும் முன் அறிய வேண்டியவை

மொன்றியலில் குளிர்காலம் நீண்டது. வீட்டைச் சூடாக வைத்திருப்பதற்கான செலவே பெரும்பாலான குடும்பங்களின் மின்கட்டணத்தில் மிகப் பெரிய பங்காகும். அதற்கடுத்த பங்கு சுடுநீருக்குச் செல்கிறது. இச்செலவைக் குறைப்பதற்காகப் பல வீட்டு உரிமையாளர்கள் கூரைவெளிக்கு வெப்பக்காப்பு இடுகின்றனர், யன்னல்களை மாற்றுகின்றனர், ஹீட் பம்ப் பொருத்துகின்றனர், நீர் குறைவாகச் செலவாகும் கழிப்பறைத் தொட்டிகளை அமைக்கின்றனர். இவற்றுள் பல, ஆயிரக்கணக்கான டொலர் செலவாகும் வேலைகள்.

தமிழ்க் குடும்பங்களிடையே இத்தகைய வேலைகள் பெரும்பாலும் அறிமுகத்தின் வழியே ஒப்படைக்கப்படுகின்றன. உறவினர் ஒருவர் பெயர் சொல்வார். வேலை செய்பவர் வந்து பார்த்துத் தொகை கூறுவார். பணம் கையில் கொடுக்கப்படும். நல்ல வேலையாளரைக் கண்டறிய அறிமுகம் உதவும். ஆயினும் கியூபெக்கில் வீட்டு உரிமையாளருக்குக் கிடைக்கும் பாதுகாப்புப் பெருமளவு மூன்று ஆவணங்களைச் சார்ந்துள்ளது: உரிமம், எழுத்து மூல ஒப்பந்தம், பற்றுச்சீட்டு. இவை இல்லாதவிடத்து மானியமும் நட்டஈடும் கைநழுவக்கூடும். அவற்றை எவ்வாறு உறுதிசெய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் வீட்டைப் பரிசோதியுங்கள்

எந்த வேலை தேவை என்பதை அவ்வேலையை விற்பவரிடம் மட்டும் கேட்டுத் தீர்மானிக்க வேண்டாம். யன்னல் விற்பவருக்கு யன்னலே குறையாகத் தெரியும். சுயாதீனமான சக்தி ஆலோசகர் ஒருவரைக் கொண்டு வீட்டைப் பரிசோதிப்பது நல்லது. அவர் வாசற்கதவில் விசிறியொன்றைப் பொருத்தி வீட்டிலுள்ள காற்றை வெளியே இழுப்பார். அப்போது குளிர்காற்று உட்புகும் இடுக்குகள் எவை என்பது புலப்படும்.

வேலைகளின் ஒழுங்கும் முக்கியமானது. முதலில் காற்றுக் கசிவை அடைத்து, அடுத்து வெப்பக்காப்பு இட்டு, அதன் பின்னரே வெப்பமூட்டும் சாதனத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். காற்றுக் கசியும் வீட்டுக்கென வாங்கிய ஹீட் பம்ப், வீடு திருத்தப்பட்ட பின்னர் தேவைக்கு மிஞ்சியதாகிவிடும். ஒப்பீட்டுக்காக ஒரு தகவல்: 2012 ஆம் ஆண்டு முதல் கியூபெக்கில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளின் கூரைக்கு ஆர்-41 அளவிலான வெப்பக்காப்பு வேண்டும். பல பழைய வீடுகளில் இதைவிட மிகக் குறைவாகவே உள்ளது.

வெப்பமூட்டல் எண்ணெயைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பர் 31 முதல், குடியிருப்புக் கட்டடங்களில் பழுதடைந்த எண்ணெய்ச் சூளைக்குப் பதிலாக மற்றொரு எண்ணெய்ச் சூளையைப் பொருத்துவதற்குக் கியூபெக் அரசு தடை விதித்துள்ளது. சூளை கடுங்குளிரில் நின்றுபோகும் வரை காத்திராமல் முன்கூட்டியே திட்டமிடுவது நன்று.

நீர்ச் சேமிப்பைச் சரியாகக் கணக்கிடுங்கள்

பழைய கழிப்பறைத் தொட்டி ஒரு தடவைக்கு 13 லீற்றர் அல்லது அதற்கும் மேற்பட்ட நீரை வெளியேற்றும். இன்றைய சிக்கனத் தொட்டிக்கு 4.8 லீற்றர் போதும். நால்வர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு 20 தடவை பயன்படுத்துவதாகக் கொண்டால், ஒரு நாளில் 164 லீற்றர் நீர் மீதமாகும்.

எனினும் மொன்றியலில் பெரும்பாலான வீடுகளுக்கு நீர்மானி இல்லை. ஆகவே தொட்டியை மாற்றுவது நகரின் நீர்வளத்துக்கு நன்மை தரும். உங்கள் வீட்டுச் செலவில் அது உடனடியாகத் தெரியாமல் இருக்கலாம். ஷவர் தலையை மாற்றுவதன் பயனோ வேறு: சுடுநீர் குறைவதால் மின்கட்டணமும் குறையும். நீர்மானி இல்லாத வீட்டில் "நீர்க் கட்டணம் பாதியாகிவிடும்" என்று எவரேனும் கூறினால், அக்கூற்றை ஐயத்துடன் நோக்குங்கள்.

உரிமத்தைச் சரிபாருங்கள்

கியூபெக்கில் கட்டட வேலைகளை ஏற்கும் ஒப்பந்தக்காரர், ஆர்.பி.கியூ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மாகாணக் கட்டட ஒழுங்குமுறைச் சபையின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இவ்வுரிமம் வேலைப் பிரிவுகளின்படி வழங்கப்படுகிறது. வெப்பக்காப்பும் கூரை வேலையும் 7 ஆம் பிரிவு. கதவு, யன்னல் 8 ஆம் பிரிவு. குழாய் வேலை 15.5, குளிரூட்டல் தொகுதிகள் 15.10, மின்வேலை 16. ஒருவரிடம் உரிமம் இருப்பது மட்டும் போதாது. உங்கள் வேலைக்குரிய பிரிவு அதில் இருக்க வேண்டும். யன்னல் பொருத்தும் உரிமம் மட்டும் உள்ளவர் ஹீட் பம்ப்பின் மின்னிணைப்பைச் செய்ய முடியாது. மின்வேலையை வீட்டு உரிமையாளர் தாமே செய்வதற்கும் கியூபெக்கில் அனுமதியில்லை.

உரிம இலக்கத்தைக் கேட்டுப் பெற்று, ஆர்.பி.கியூ. இணையத்தளத்திலுள்ள பொதுப் பதிவேட்டில் இலவசமாகத் தேடுங்கள். உரிமம் நடைமுறையில் உள்ளதா, உங்களுடன் பேசியவரின் நிறுவனப் பெயரும் பதிவேட்டிலுள்ள பெயரும் ஒன்றா என்பவற்றைப் பாருங்கள். ஒருவரின் இலக்கத்தை மற்றொருவர் காட்டுவதும் உண்டு.

உரிமம் பெற்றவர் பிணைத்தொகை ஒன்றை வைத்திருப்பது கட்டாயமாகும். வேலை முடிக்கப்படாமல் விடப்பட்டாலோ, குறைபாடுகள் சீர்செய்யப்படாவிட்டாலோ அதிலிருந்து நட்டஈடு கோரலாம். உரிமமற்றவரிடம் வேலை கொடுத்தவருக்கு இந்த வழி இல்லை. புதிய வீடுகளுக்கான கட்டாய உத்தரவாதத் திட்டமும் திருத்த வேலைகளுக்குப் பொருந்தாது. மேலும், மூன்றாந் தரப்பினருக்கு ஏற்படும் சேதங்களுக்கான பொறுப்புக் காப்புறுதி நடைமுறையில் உள்ளதற்கான சான்றையும் கேளுங்கள்.

வாசலுக்கு வரும் விற்பனையாளர்

"அரசாங்கத் திட்டத்தின் கீழ் வந்துள்ளோம்", "இன்று கையொப்பமிட்டால் மட்டுமே சலுகை" என்று கூறி வாசலில் நிற்பவரிடம் அன்றைய தினமே கையொப்பமிட வேண்டாம். அழைக்காமல் வீடு தேடி வந்து விற்பவர்களைக் கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அவர்கள் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் பிரதி இரு தரப்பினருக்கும் கிடைத்த பின் 10 நாள்களுக்குள், காரணம் எதுவும் கூறாமல் நீங்கள் அதனை ரத்துச் செய்யலாம். வீட்டில் வயது முதிர்ந்தோர் தனியே இருப்பாராயின், அவர்களுக்கும் இதனை எடுத்துரையுங்கள்.

மானியம் தரத்துக்கு உத்தரவாதம் அன்று

ஹைட்ரோ-கியூபெக்கின் லொஜிவேர், மாகாண அரசின் ரெனோக்ளிமா போன்ற திட்டங்கள் இவ்வகை வேலைகளுக்கு உதவி வழங்கி வந்துள்ளன. இவற்றின் விதிகள் காலத்துக்குக் காலம் மாறும். 2021 ஆம் ஆண்டில் தொடங்கிய மத்திய அரசின் பசுமை வீட்டு மானியம் 2024 ஆம் ஆண்டிலேயே புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. எனவே ஒப்பந்தக்காரரின் வாய்மொழியை நம்பாமல், கையொப்பமிடும் முன் திட்டத்தை நடத்தும் நிறுவனத்திடமே நேரடியாகக் கேளுங்கள். வேலை தொடங்கும் முன் பரிசோதனை வேண்டுமா, எந்த மாதிரிச் சாதனங்களுக்கு உதவி உண்டு, எந்த உரிமம் வேண்டும் என்பனவே முக்கிய கேள்விகள். வேலையைத் தொடங்கிய பின் விண்ணப்பிப்போர் தகுதியிழக்க நேரலாம்.

மானியம் கிடைக்கும் வேலை என்பதனால் அது நல்ல வேலை என்றாகிவிடாது. 1977 ஆம் ஆண்டில் மத்திய அரசு வீட்டு வெப்பக்காப்புக்கு மானியம் வழங்கத் தொடங்கியபோது, யூரியா-ஃபோர்மல்டிஹைட் நுரையும் அதில் இடம்பெற்றது. பொருத்துபவரே அதனை அவ்விடத்தில் கலந்து சுவர்களுக்குள் செலுத்துவார். கலவை பிழைத்தால் வீட்டுக்குள் வாயு பரவும். உடல்நலம் குறித்த முறைப்பாடுகள் பெருகியதையடுத்து 1980 டிசம்பரில் கனடா அதனைத் தடைசெய்தது. அதற்குள் ஏறத்தாழ 100,000 வீடுகளில் அது இடப்பட்டிருந்தது. கியூபெக் வீட்டு உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு நெடுங்காலம் நீடித்து, 1991 ஆம் ஆண்டில் தள்ளுபடி செய்யப்பட்டது. பொருளையும் வேலைத் தரத்தையும் குறித்துக் கேள்வி கேட்கும் பொறுப்பு, மானியம் பெறுபவருக்கும் உண்டு.

எழுத்து மூல விலை மதிப்பீடும் ஒப்பந்தமும்

குறைந்தது மூன்று ஒப்பந்தக்காரரிடமிருந்து எழுத்தில் விலை மதிப்பீடு பெறுங்கள். மூவருக்கும் ஒரே வேலை விபரத்தையே கொடுங்கள். அவ்வாறன்றேல் தொகைகளை ஒப்பிட இயலாது. ஹீட் பம்ப் ஆயின், கடுங்குளிரில் அது எவ்வளவு வெப்பம் தரும், அதற்குமேல் துணை வெப்பமூட்டல் எது என்பதையும் எழுதித் தரக் கேளுங்கள்.

ஒப்பந்தப் படிவம் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் இருக்கும். பேச்சுத் தமிழில் நடந்து, கையொப்பம் பிரெஞ்சில் இடப்படும்போது, பேசியவை படிவத்தில் உள்ளனவா என்பதைப் பலர் பார்ப்பதில்லை. பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த, ஒப்பந்தக்காரரைச் சாராத வயதுவந்த ஒருவரைக் கொண்டு வாசித்தறியுங்கள். பாடசாலைப் பிள்ளைகளிடம் இப்பொறுப்பைச் சுமத்த வேண்டாம். ஒப்பந்தத்தில் பின்வருவன இருத்தல் வேண்டும்:

- இரு தரப்பினரின் பெயர், முகவரி, ஒப்பந்தக்காரரின் உரிம இலக்கம்
- செய்யப்படும் வேலை, பொருள்களின் வகை, மாதிரி, அளவு
- வரிகள் உட்பட்ட மொத்தத் தொகையும், அது நிலையான விலையா உத்தேச விலையா என்பதும்
- தொடங்கும் நாளும் முடிக்கும் நாளும்
- பணம் செலுத்தும் கட்டங்கள்
- உத்தரவாதங்கள்
- நகர அனுமதியைப் பெறுபவர் யார் என்பது

உத்தேச விலையாயின், பின்னர் கூடுதலாகக் கேட்கும் தொகைக்கு ஒப்பந்தக்காரர் காரணம் காட்ட வேண்டும் எனக் கியூபெக்கின் குடியியல் சட்டக்கோவை கூறுகிறது.

பணம் செலுத்துதல்

முற்பணத்தை இயன்றவரை குறைவாக வையுங்கள். எஞ்சியதை வேலை முடிந்த அளவுக்கேற்பக் கட்டம் கட்டமாகச் செலுத்துங்கள். "பற்றுச்சீட்டு வேண்டாமெனில் வரி இல்லை" என்ற யோசனை இலாபமாகத் தோன்றும். கூட்டாட்சி, மாகாண வரிகள் சேர்ந்து 14.975 சதவீதம், அந்தத் தொகையை மீதப்படுத்துவதற்காக மானியம், உத்தரவாதம், வழக்குக்கான சான்று ஆகிய அனைத்தையும் விட்டுக்கொடுக்க நேரிடும்.

துணை ஒப்பந்தக்காரருக்கோ பொருள் வழங்கியவருக்கோ பணம் சேராவிடின், சட்டம் விதித்த நிபந்தனைகளின்படி அவர்கள் உங்கள் வீட்டின் மீதே ஈட்டுரிமை பதிவுசெய்யலாம். வேலை முடிந்து 30 நாள்களுக்குள் இது நிகழலாம். ஆகவே இறுதிக் கொடுப்பனவுக்கு முன், அவர்கள் அனைவருக்கும் பணம் கொடுக்கப்பட்டுவிட்டது என்பதற்கான எழுத்து மூலச் சான்றைப் பெறுங்கள். அது கிடைக்கும் வரை போதிய தொகையை நிறுத்திவைக்கச் சட்டம் இடமளிக்கிறது.

வேலை தொடங்கும் முன்னும் நடைபெறும்போதும்

வெளிச்சுவர், யன்னல் அளவு, வெளிப்புறச் சாதனங்கள் தொடர்பான விதிகள் நகரின் 19 பிரிவுகளிலும் ஒன்றாக இரா. அனுமதி தேவையா என்பதை 311 இலக்கத்தில் கேட்டறியுங்கள். கூட்டு உரிமை வீடுகளில் யன்னலும் வெளிச்சுவரும் பொதுச் சொத்தாக இருக்கக்கூடும். நிருவாகக் குழுவின் ஒப்புதல் பெறுங்கள். வாடகைக்கு இருப்போர் உள்ள கட்டடத்தில் பெரிய வேலை செய்வதாயின், அவர்களுக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் அவர்கள் வெளியேற வேண்டியிருப்பின் இக்காலம் 3 மாதமாகும்.

பழைய வீட்டின் கூரைவெளியில் சரளை போன்ற வெர்மிக்குலைட் இருந்தால், அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அதனைக் கிளறாமல் முதலில் பரிசோதிக்கச் செய்யுங்கள். 1970 க்கு முன் கட்டப்பட்ட, 8 அல்லது அதற்குக் குறைந்த குடியிருப்புகளைக் கொண்ட கட்டடமாயின், நீர் வரும் பிரதான குழாய் ஈயத்தாலானதா என்பதையும் குழாய் வேலையின்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

இடுக்குகள் அடைக்கப்பட்ட வீட்டில் ஈரப்பதம் தானாக வெளியேறாது. சோறும் புட்டும் அவிக்கும் நீராவி, குளியலறை ஆவி, உள்ளே உலர்த்தும் துணிகள் ஆகியவற்றால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். சமையலறை, குளியலறை விசிறிகளின் குழாய்கள் கூரைவெளியில் முடியாமல் கட்டடத்துக்கு வெளியே செல்கின்றனவா என்று பாருங்கள். ஆவித் தடுப்புத் தாள் சுவரின் வெப்பமான உட்பக்கத்தில் இருக்க வேண்டும். சுவர் மூடப்படும் முன் ஒளிப்படங்கள் எடுத்து வையுங்கள். மூடிய பின் எதையும் நிரூபிப்பது கடினம்.

பிணக்கு ஏற்பட்டால்

குறையை எழுத்தில் தெரிவித்து, திருத்துவதற்கு நியாயமான கால அவகாசம் கொடுங்கள். தீர்வு கிட்டாவிடின் முறையான அறிவித்தல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உரிமம் தொடர்பான முறைப்பாட்டை ஆர்.பி.கியூ.வுக்கும், விற்பனை முறை தொடர்பானதை நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அனுப்பலாம். 15,000 டொலர் வரையான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நீதிமன்றம் விசாரிக்கிறது. அங்கு பொதுவாகச் சட்டத்தரணியின்றி நீங்களே வாதிடலாம். அங்கு உங்கள் சார்பில் நிற்பவை ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் ஒளிப்படங்களுமே. அவற்றை ஒரே கோப்பில் சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள்.