கணைக்கால் நோவும் இளம் ஓட்டவீரரும்

சிலாபம் முதல் கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே, உடப்பு போன்ற ஊர்களின் இளைஞர்க்குக் கடற்கரை மணலே இயற்கை அளித்த ஓடுகளமாகும். இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கியதும், அதுகாறும் ஓடாதிருந்த மாணவரும் காலை மாலை இருவேளையும் ஓடத் தலைப்படுவர். சில வாரங்கள் கழிந்ததும் அவருட் சிலர் கணைக்காலைத் தடவியவண்ணம் மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்திருப்பர். ஆங்கிலத்தில் ‘ஷின் ஸ்பிளிண்ட்ஸ்’ எனப்படும் கணைக்கால் நோவே அவர்களைப் பற்றியதாகும்.

பயிற்சியினால் மூச்சும் தசையும் விரைவில் வலுப்பெறுகின்றன. எலும்போ அங்ஙனமன்று. அதிர்ச்சி மீண்டும் மீண்டும் தாக்கும்போது, உடல் பழுதுற்ற எலும்புப் பொருளை முதலிற் கரைத்து அகற்றி, அதன் பின்னரே புதியதைக் கட்டுகின்றது. கரைத்தற்குச் சில வாரங்கள் போதும். கட்டுதற்கோ சில மாதங்கள் வேண்டும். அவ்விடைக்காலத்திலே பயிற்சியைத் திடீரெனப் பெருக்கினால், கணைக்கால் உள்ளெலும்பும் அதனைப் போர்த்த சவ்வும் நோவுகொள்ளும். எனவே இந்நோவு, எலும்பு கேட்கும் தவணை எனலாம்.

மணலில் ஓடுவோர்க்கு இந்நோவு வாராது என்பது பாதி உண்மையே. மென்மணல் அதிர்ச்சியைக் குறைக்கும். ஆயினும் இறுகிய தரையில் ஓடுவதிலும் ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றலை அது வேண்டுவதாக ஆய்வு காட்டியுள்ளது. ஆதலின் கெண்டைக்கால் தசைகள் விரைவிற் களைக்கும். அலை நனைத்த மணல் இறுகியதாயினும் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், ஒரே திசையில் ஓடுபவரின் ஒரு கால் எப்பொழுதும் தாழ்வில் மிதிக்கும். மணலிற் பழகியவர் போட்டிக்கு முந்திய நாட்களில் திடீரென வன்தரைக்கு மாறுவதும் கேடு விளைக்கும்.

நோவு கணைக்காலின் உள்விளிம்பில், கீழ்ப்பகுதியிலே, 5 சென்ரிமீற்றருக்குக் குறையாது பரந்திருப்பின், அது பெரும்பாலும் இந்நோவே. உடல் சூடேறியதும் அது மறைவதுண்டாதலால் மாணவர் அதனைப் பொருட்படுத்தார். ஆனால் விரல் நுனியால் மூடத்தக்க ஓரிடத்தில் மட்டும் கடுமையாக வலிப்பினும், இரவில் ஓய்ந்திருக்கையிலும் வலிப்பினும், எலும்பில் மயிரிழை வெடிப்பு இருத்தல் கூடும். தொடக்க வாரங்களில் அது எக்ஸ்ரே படத்திற் புலப்படாமலும் இருக்கலாம். அத்தகையோரை ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். போதிய உணவின்றிப் பயிலும் மாணவியரிடத்து, அதிலும் மாதவிடாய் ஒழுங்கு தவறியோரிடத்து, கூடுதற் கவனம் வேண்டும்.

இந்நோவுக்கு முதன்மையான மருந்து ஓட்டத்தைக் குறைத்தலே. நோவு ஆறும்வரை, வலி தராத அளவில் நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம். துணியிற் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்தால் நோவு தணியும். நடக்கும்போதும் ஒற்றைக்காலில் துள்ளும்போதும் நோவில்லையாயின், நடையும் மெல்லோட்டமும் கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கலாம். குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி கெண்டைக்காலை வலுப்படுத்தும். முதலிலே தூரத்தையும் பின்னரே வேகத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டுக. நோவு மீளுமாயின் முந்திய படிக்குத் திரும்புக.

இவையனைத்தும் பயன்படுவது, மாணவன் நோவை வெளியிட்டால் மட்டுமே. அஞ்சலோட்டக் குழுவில் தன் இடம் பறிபோகுமென அஞ்சுபவன் அதனை மறைப்பான். கால் நோகின்றதென்றவனைக் கோழையென நகைக்கும் மைதானத்தில் எவனும் உண்மை கூறான். ஆசிரியர் தாமே கேட்டறிதலும், சொன்னவனது இடத்தைக் காத்துவைத்தலும் கடனாகும்.

1948 இல் இலண்டனில் இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வென்றபோது டங்கன் வைற்றுக்கு வயது 30. 2000 இல் சிட்னியிற் பதக்கம் பெற்றபோது சுசந்திகா ஜயசிங்கவுக்கு வயது 24. பதினாறு வயதில் ஒரு போட்டியை விட்டுக்கொடுத்தல் பேரிழப்பன்று; அப்போட்டிக்காகக் காலையே விட்டுக்கொடுத்தல்தான் பேரிழப்பு.