பட்டாசு மருந்தைப் பத்தி புரியும்படி சொல்லவும் ஒரு படிப்பு இருக்கு! முதுகலையில் அறிவியல் தொடர்பியல்: யார் சேரலாம், என்ன பயன்?

சிவகாசி:

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சாச்சு. அடுத்து என்ன? விருதுநகர் மாவட்டத்து வீடுகளில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு பதில்தான். ஒன்று, "பி.எட். சேர்ந்துரு". இன்னொன்று, "பட்டாசு ஆலையில போர்மேன் வேலை கேட்டுப் பாரு". மூன்றாவதாக ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. அதுதான் அறிவியல் தொடர்பியல்.

"அது என்னப்பா படிப்பு?" என்று கேட்கும் பெற்றோருக்குச் சுருக்கமான பதில் இதுதான். ஆய்வகத்தில் இருக்கும் அறிவியலை, அது யாருக்குத் தேவையோ அவருக்குப் புரிகிற மாதிரி கொண்டு சேர்க்கக் கற்றுத் தரும் படிப்பு.

இதுக்கும் ஒரு படிப்பா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ந்தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் பலியானார்கள். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்களே அல்ல. முதலில் தீப்பிடித்ததும் உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அடுத்து நடந்த பெரிய வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள்.

"தீப்பிடித்த ஆலையில் வெடிக்காத சரக்கு இன்னும் இருக்கும். கிட்டே போகாதே, தூரமா ஓடு." இந்த ஒரு விஷயம் சுற்றுவட்டார கிராமங்களில் முன்கூட்டியே மனதில் பதியும்படி சொல்லப்பட்டிருந்தால் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கலாம். அதன்பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி என்று பட்டியல் நீள்கிறது.

'செய்யாதே' போதாது, 'ஏன்' வேண்டும்

ஆலைச் சுவர்களில் எச்சரிக்கை போர்டு இருக்கிறது. ஆனால் போர்டு சொல்வது விதியை மட்டும்தான். காரணத்தைச் சொல்வதில்லை.

உதாரணத்துக்கு அலுமினிய பவுடர். ஈரம் பட்டால் அது சூடாகும், ஹைட்ரஜன் வாயுவும் வெளியேறும். வெடியுப்போடு கலந்த மருந்து ஈரத்தோடு ராத்திரி முழுக்கக் கிடந்தால், யாரும் தொடாமலே தீப்பிடிக்கலாம். 'மிச்ச மருந்தை வைக்காதே' என்பதன் காரணம் இதுதான்.

நைலான் சேலை, பாலியஸ்டர் சட்டை போடக்கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும் என்பதும் அப்படியே. அந்தத் துணிகள் உரசும்போது நிலைமின்சாரம் உருவாகும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ள. ஒரு அறைக்கு 4 பேருக்கு மேல் கூடாது என்பதும் அதிகாரிகளின் கெடுபிடி அல்ல. ஒரு அறை வெடித்தால் இழப்பு அதோடு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

விதி மட்டும் தெரிந்தவர் போர்மேன் அந்தப்பக்கம் போனதும் அதை மறந்துவிடலாம். காரணம் தெரிந்தவர் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்.

பேசுவதற்கு முன் கேட்கணும்

இந்தப் படிப்பில் முதலில் சொல்லித் தரும் பாடங்களில் ஒன்று, 'மக்களுக்கு ஒண்ணும் தெரியாது' என்று நினைக்காதே என்பது. இதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் ஒன்று உண்டு. 1986-ல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் கும்பிரியா பகுதியில் ஆடு விற்கத் தடை போட்டார்கள். "3 வாரத்தில் சரியாகிவிடும்" என்றார்கள் விஞ்ஞானிகள். ஆனால் கடைசித் தடை விலகியது 2012-ல்தான்! அந்த மலை மண்ணையும் புல்லையும் அறிந்த ஆட்டுக்காரர்கள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விஞ்ஞானிகள் மேல் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கையும் போய்விட்டது.

சிவகாசிக்கும் இது பொருந்தும். 20 வருஷம் மருந்து கலந்த கைக்கு, பாடப்புத்தகத்தில் இல்லாத விஷயம் தெரியும். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர் அவசரப்படுவது அறியாமையால் மட்டும் அல்ல. எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். அதைக் கேட்காமல் நோட்டீஸ் மட்டும் கொடுத்தால் குப்பைக்குத்தான் போகும்.

பசுமை பட்டாசு குழப்பம்

2018 அக்டோபர் 23-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக்குப் பிறகு 'பசுமை பட்டாசு' என்ற வார்த்தை எல்லோர் வாயிலும் வந்தது. புகையே வராது என்று சிலர் நினைக்கிறார்கள். பச்சையாக எரியும் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. நாக்பூரில் உள்ள 'நீரி' ஆய்வு நிறுவனத்தின் பார்முலாப்படி செய்யும் இந்தப் பட்டாசில் தூசுப்புகை குறைந்தது 30 சதவீதம் குறைகிறது. அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கை, வெளிச்சத்துக்குப் பச்சை நிறம் தரும் 'பச்சை உப்பு' எனும் பேரியம் நைட்ரேட்டுக்குத்தான் தடை! இப்படி ஒரு பெயர் எத்தனை குழப்பம் தரும் என்பதை ஆராய்வதும் இந்தப் படிப்பில் ஒரு பகுதி.

எங்கே படிக்கலாம்?

விருதுநகர், சிவகாசி கல்லூரிகள் பலவும் இணைந்திருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலேயே இதழியல் மற்றும் அறிவியல் தொடர்பியல் துறை இருக்கிறது. பஸ்சில் போய் வரும் தூரம்தான். சேர்க்கை, தகுதி, கட்டணம் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. பல்கலைக்கழக அறிவிப்பைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். வெளிநாட்டில் லண்டன் இம்பீரியல் கல்லூரி 1991-லேயே இந்த முதுகலையைத் தொடங்கிவிட்டது.

செய்தி எழுதுவது, குறும்படம், கண்காட்சி, ஆபத்து குறித்த தகவல் சொல்லும் முறை, அறிவியல் வரலாறு போன்றவை பொதுவாகப் பாடமாக இருக்கும். ஆய்வறிக்கையும் உண்டு. பட்டாசு ஊர்ப் பிள்ளைகளுக்கு அதற்குத் தலைப்பு தேடி அலைய வேண்டியதே இல்லை.

வேலை கிடைக்குமா?

உண்மையைச் சொன்னால், படித்த மறுநாளே வேலை என்று யாரும் உறுதி தர முடியாது. 1989-ல் மத்திய அரசு தொடங்கிய 'விஞ்ஞான் பிரசார்' அமைப்பே 2023-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் பத்திரிகை, டி.வி., 1987 முதல் நெல்லையில் இயங்கும் மாவட்ட அறிவியல் மையம் போன்ற இடங்கள், ஆராய்ச்சி நிறுவனங்களின் மக்கள் தொடர்புப் பிரிவு, ஆலைகளின் பாதுகாப்புப் பயிற்சி என்று வாய்ப்புகள் சிதறிக் கிடக்கின்றன. தமிழில் தெளிவாக எழுதவும், இங்கிலீஷில் ஆய்வுக் கட்டுரை படிக்கவும் தெரிந்தவருக்கு முதல் மரியாதை.

கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. அதை மருந்து அறையில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு அவர் பாஷையில் சொல்ல ஆள்தான் குறைவு. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.