கண்ணுக்குத் துணையாகும் கட்டைகள்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டியையும் தாண்டிச் செல்வோரை மண்கும்பானில் வரவேற்பன வெண்மணற் கும்பிகளும் பனைகளுமாம். மணலுக்கும் பனைக்கும் பெயர்பெற்ற இவ்வூரில், கதவுக்கும் யன்னலுக்கும் ஏற்ற பெருமரங்கள் அரியன. பாலை, முதிரை முதலிய வைரமரங்கள் வன்னிக் காடுகளுக்குரியவை. கடல்நீரேரியைத் தாண்டியே அவை தீவுக்கு வந்து சேரல் வேண்டும். பனையோ நினைத்தவுடன் தறித்துவிடக் கூடியதன்று. அதற்கு அனுமதி பெற வேண்டும். ஆகவே ஒரு பலகை அரை அங்குலம் குறைவாக அறுபடுமாயின், வீணாவது மரம் மாத்திரமன்று. அதை வாங்கிய குடும்பத்தின் உழைப்புமாகும்.

1990ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் போரினாற் தீவகத்தை விட்டுப் பெயர்ந்த மக்கள், பின்னர் மீண்டு வந்தபோது, கதவு நிலைகளே இல்லாத வீடுகள் பலவற்றைக் கண்டனர். அத்தகைய வீடுகளைத் திருத்துவோருக்கும், புதிதாகத் தச்சு பழகும் இளைஞருக்கும், ஓய்வு நேரத்திற் சிறு மரவேலை செய்ய விரும்பும் குடும்பத்தினருக்கும் பயன்படக்கூடிய சில எளிய உபாயங்களை இங்கே கூற விழைகின்றோம்.

தேர்ந்த ஓடாவியார் ஒருவர் கோடின்றியே நேராக அறுப்பார். அவருடைய கண்ணிலும் கையிலும் பல்லாண்டுப் பழக்கம் குடிகொண்டிருக்கின்றது. பழகுபவனுக்கு அக்கண் இல்லை. ஆனால் அக்கண் செய்யும் வேலையின் ஒரு பகுதியைச் செய்யவல்ல சிறு கட்டைகளை அவன் தானே செய்துகொள்ளலாம். அவற்றைத் துணைக்கட்டைகள் என்போம். கழித்த மரத்துண்டுகளே இவற்றுக்குப் போதும். சிறு துரும்பும் பல்லுக் குத்த உதவும் அன்றோ?

அளவுத்தடி

முன்னாளிற் தச்சரின் கையில் முழக்கோல் இருந்தது. இன்று அளவு நாடா வந்துவிட்டது. எனினும் நாடாவிற் படித்த எண்ணை மனத்திற் சுமந்து செல்லும் வழியிலேதான் பிழைகள் பல நேர்கின்றன. யன்னல் ஒன்றுக்கு அளவெடுக்கும்போது, நேரான மெல்லிய தடியொன்றை அவ்விடத்திலேயே வைத்து, அகலத்தையும் உயரத்தையும் கூரிய பென்சிலாற் குறித்து, ஒவ்வொரு குறிக்கும் அருகே இன்னதென எழுதிவிடுக. மேலும் நடுவிலும் கீழும் என மூன்றிடங்களில் அளத்தல் அவசியம். பழைய சுவர்கள் எங்கும் ஒரே அகலமாயிருப்பதில்லை. மூன்றிற் சிறியதையே கொள்க. பின்னர் எண்ணை நாடாமல், தடியையே பலகைமேல் வைத்துக் கோடிடலாம்.

அறுவைப் பலகை

பன்னிரண்டு அங்குல நீளமும் எட்டு அங்குல அகலமுமுள்ள பலகையொன்றை எடுத்து, ஒரு நுனியின் கீழ்ப்புறத்தில் ஒரு கட்டையும், மறு நுனியின் மேற்புறத்தில் ஒரு கட்டையும் பொருத்துக. கீழ்க்கட்டை மேசை விளிம்பிற் கொளுவி நிற்கும். மேற்கட்டையிற் சாய்த்து வைத்த மரம், வாளோடு நகராது. மேற்கட்டையைப் பலகையின் அகலத்திலும் ஓர் அங்குலம் குறைவாக அமைத்தால், அறுக்கும் வாள் மேசையை வெட்டாது. இரண்டு கைகளால் இழுபறிப்படுவதைக் காட்டிலும் இதனால் வேலை விரைவுறும், மரமும் பிளவுபடாது.

தடுப்புக் கட்டை

ஒரே நீளத்திற் பல துண்டுகள் வேண்டுமாயின், ஒவ்வொன்றையும் தனித்தனியே அளவாதீர். முதற் துண்டுக்குச் சரியான இடத்தில் ஒரு கட்டையை ஆணியால் நிறுத்தி, அதனோடு முட்டும்படி மரத்தை வைத்து அறுத்தால், இருபது துண்டுகளும் ஒன்றுபோலிருக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. கட்டையின் அடிமூலையைச் சிறிது செதுக்கிவிடல் வேண்டும். இல்லாவிடின் வாட்தூள் அங்கே தேங்கி, அடுத்தடுத்த துண்டுகளைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிடும்.

மூலைகளும் இறுக்கமும்

நிலையோ சட்டமோ சதுரமாய் அமைந்ததா என்பதை அறிய மூலைமட்டம் மாத்திரம் போதாது. எதிர்மூலைகள் இரண்டுக்குமிடையிலுள்ள தூரங்களை அளந்து பார்க்க. இரண்டும் சமமாயிருந்தாற் சட்டம் சரியானது. பெரிய நிலைக்கு, ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கத்தில் 3 அடியும் மறுபக்கத்தில் 4 அடியும் குறித்தால், குறிகளுக்கிடைத் தூரம் 5 அடியாதல் வேண்டும்.

பசை காயும்வரை சட்டத்தை அழுத்திப் பிடிக்க விலையுயர்ந்த கவ்விகள் இல்லையே என வருந்த வேண்டியதில்லை. தடித்த பலகையொன்றின் இரு பக்கங்களிலும் கட்டைகளை அறைந்து, சட்டத்தை இடையிலே கிடத்தி, ஒருபக்க இடைவெளியில் எதிரெதிராக இரண்டு ஆப்புகளைச் செருகிச் சுத்தியலாற் தட்டினால், இரும்புக் கவ்வி தரும் இறுக்கத்தை அவை தரும். மரத்துக்கும் ஆப்புக்கும் நடுவே ஒரு மெல்லிய துண்டை வைத்தால் வடுப்படாது.

உளியின் கூர்மை

மண்கும்பானிற் பறக்கும் மணல் உளிக்கும் சீவுளிக்கும் பகையாகும். பலகையைச் சீவுமுன் தூரிகையாற் துடைத்து, பழைய மரமாயின் ஒளிந்த ஆணிகளையும் தேடிக் களைதல் நன்று. உளியைத் தீட்டும் கோணம் வழக்கமாக 25 பாகை. அதை எளிதிற் காண, தடித்த அட்டையில் அல்லது மெல்லிய மரத்தில், அடி 15 பங்கும் உயரம் 7 பங்குமான ஒரு செங்கோண முக்கோணம் வெட்டிக்கொள்க. அதன் சாய்வோடு ஒப்பிட்டு உளியைக் கல்லிற் பிடித்தாற் கோணம் தவறாது. வேலை முடிந்ததும், கடற்காற்றின் உப்பிலிருந்து காக்க, எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து வைத்தல் இன்றியமையாதது.

பருவமும் பனையும்

வரண்ட மாதங்களில் இறுக்கமாய்ப் பொருத்திய கதவு, வாடைமழை தொடங்கியதும் வீங்கித் திறக்க மறுக்கும். அப்போது அவசரப்பட்டு அதைச் சீவிவிட்டால், சோளகக் காலத்தில் இடைவெளி தெரியும். எனவே பொருத்தும்போதே எட்டில் ஓர் அங்குலக் கனமான இரு சீவல்களைக் கதவுக்கும் நிலைக்கும் இடையே வைத்து, அந்த இடைவெளியை விட்டுப் பொருத்துக. கதவின் மேல், கீழ் நுனிகளுக்கும் வர்ணம் பூச மறவாதீர். மரம் நீரை மிகுதியும் குடிப்பது நுனிகளாலேதான்.

பனைமரத்தின் புறப்பகுதி வைரமாயும், உட்பகுதி மென்மையாயும் இருக்கும். எனவே கூரைச் சலாகைகளுக்கும் தாங்கு கட்டைகளுக்கும் புறப்பகுதியையே பயன்படுத்துவர். ஆணி அறையுமுன் சிறு துளை இட்டுவிடின் நார்கள் பிளக்கா. திருகாணிக்குச் சிறிது சவர்க்காரம் தடவினால் அது எளிதிற் செல்லும்.

விரலுக்குக் காவல்

இக்கட்டைகள் யாவற்றினும் மேலானது தள்ளுகட்டை. மின்வாளில் மரத்தை அறுக்கும்போது, கடைசி அரையடியைக் கையாற் தள்ளாதீர். ஒன்றரை அடி நீளமான கட்டையொன்றின் நுனியில் ஒரு வெட்டுவாய் அமைத்து, மரத்தை அதனாற் தள்ளுக. கட்டை வெட்டுண்டால் வேறொன்று செய்துகொள்ளலாம்; விரலை அங்ஙனம் செய்துகொள்ள இயலாது. மரவேலை பழகும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் முதலிற் செய்து கொடுக்க வேண்டியதும் இதுவே.

1930ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறைமுகத்தை அடைந்தது. மாகடல் கடந்த அம்மரக்கலத்தின் உறுதியும், ஒரு சிறு வீட்டுக் கதவின் உறுதியும் பலகையோடு பலகை பொருந்துவதிலேயே தங்கியிருக்கின்றன. பதறாத காரியம் சிதறாது என்பர். இன்று ஒரு மாலைப்பொழுதில் ஒரு துணைக்கட்டையைச் செய்து, அதன்மேல் அதன் பயனையும் எழுதி, ஆணியொன்றிற் தூக்கி வையுங்கள். பல்லாண்டுப் பழக்கம் கைவரும்வரை கண்ணின் குறையை அது நிறைவாக்கும். உங்களுக்குப்பின் அவ்வேலைத்தலத்தில் நிற்பவனுக்கும் அது வழிகாட்டும்.