யுகே ஸ்பௌஸ் விசா: அப்பாவோட சொத்து சர்டிஃபிகேட் செல்லுமா?

"பொண்ணு லண்டன்ல மாப்பிள்ளைகிட்ட போகணும், என் பேர்ல நெட்வொர்த் சர்டிஃபிகேட் கொடுங்க"னு திருத்தங்கல்ல நம்ம ஆபீஸுக்கு வர்ற அப்பாக்கள் உண்டு. பையனோட அமெரிக்க ஸ்டூடண்ட் விசாவுக்குப் போட்ட அதே ஃபைல்னு நினைக்கிறாங்க. ஸ்பௌஸ் விசாவுக்கு அது உதவாது.

அவங்க பார்க்கிறது மாப்பிள்ளையோட வருமானம். 2024 ஏப்ரல் 11-லிருந்து புதுசா விண்ணப்பிச்சா வருஷத்துக்கு 29,000 பவுண்ட் வேணும், முன்னாடி 18,600. பொண்ணோட இந்தியச் சம்பளம் சேராது.

குறைஞ்சா சேமிப்பு காட்டலாம். குறையுற தொகையை 2.5-ஆல பெருக்கி 16,000 கூட்டுங்க. சம்பளம் 25,000-னா குறை 4,000. சேமிப்பு 26,000 பவுண்ட் வேணும். வருமானமே இல்லைன்னா 88,500.

இந்தப் பணம் பொண்ணு, மாப்பிள்ளை பேர்ல 6 மாசம் குறையாம இருக்கணும். அப்பா பரிசா கொடுக்கலாம், கடனா கூடாது. மகளுக்குக் கொடுக்கிற பரிசுக்கு இங்கே வருமான வரி கிடையாது. பேங்க் வழியா, கிஃப்ட் டீட் எழுதிக் கொடுங்க.

நம்ம ஊர்ல இடிக்கிறது இங்கேதான். பட்டாசு வசூல் தீபாவளிக்கு அப்புறம்தான் கைக்கு வரும். நவம்பர்ல போட்டா மே மாசம்தான் விண்ணப்பம். தையில கல்யாணம், மாசியில விசான்னா நடக்காதுங்க! பொண்ணு பேர்லயே மனை இருந்து அதை வித்தா, மனை இருந்த காலமும் 6 மாசத்துல சேரும். உடனே உடைக்க முடியிற எஃப்டியும் ஓகே.

ரூபாயை விண்ணப்பத் தேதி ரேட்டுக்குத்தான் மாத்துவாங்க, அதனால ரெண்டு மூணு லட்சம் கூடவே வைங்க. ஸ்டேட்மென்ட் முடியுற தேதி விண்ணப்பத்துக்கு முந்தின 28 நாளுக்குள்ள இருக்கட்டும்.